ராஜா கொடுத்த துப்பாக்கி

நாகர்கோவிலில் துப்பாக்கி பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு எப்போதும் தூக்கம் கெட்ட கண்கள். எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் குழலைக் கழற்றி, அதன் வழியே வாசல் வெளிச்சத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு பெருமூச்சு.

அப்பாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு வயது கேட்கப் போயிருந்தேன். பூட்டனுக்கு ராஜா கொடுத்தது என்றேன்.

குழலின் அடியிலிருந்த முத்திரையைத் துடைத்துப் பார்த்தார்.

"எல்லாவனும் ராஜா குடுத்ததுன்னுதான் கொண்டு வாறான். ராஜாவுக்கு வேற சோலியே இல்லியா மக்கா? சரி, நெசமா உள்ள வயசு வேணுமா, வீட்ல சொல்லுகதுக்கு ஒரு வயசு வேணுமா?"

அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நூத்தம்பது" என்றார்.

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அது எந்த வயது என்று அந்த மனிதரிடம் போய்க் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.