ஷுனாந்துனிச் கோயிலும் இரண்டு சோடி மேசும்

பெலீஸ் நாட்டுக்குள் நுழைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவருக்கு விசா வேண்டியதில்லை. மாயர் கட்டிய பழைய கோயில்களைப் பார்க்க நான் அந்தச் சிறிய நாட்டைத் தேர்ந்ததற்கு அதுவே முதற்காரணம். ஆங்கிலம் பேசுவார்கள் என்பது இரண்டாவது. 1993 பெப்ரவரியில் ஒரு குளிர்காலை, நானும் மனைவி பரமேஸ்வரியும் லண்டன் மோர்டனிலிருந்து புறப்பட்டோம். மயாமியில் விமானம் மாறி பெலீஸ் சிட்டி. அங்கிருந்து ஏறக்குறைய எழுபது மைல் பஸ்ஸில் சான் இக்னாசியோ.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் தொப்பி போட்ட வழிகாட்டி ஒருவர் மறித்தார். "வழிகாட்டி இல்லாமல் போனால் வெறுங்கல்தான் தெரியும், ஐயா."

"கல்லைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றேன். மோர்டன் நூலகத்தில் இருந்த மூன்று புத்தகங்களையும் படித்து முடித்த துணிவு.

எட்டு மைலில் சுக்கோட்ஸ் கிராமம். மோப்பான் ஆற்றைக் கடக்க, கையால் சுழற்றி இழுக்கும் தெப்பம் ஒன்று உண்டு. கட்டணமில்லை. அக்கரையிலிருந்து ஒரு மைல் ஏற்றம். காவலரின் குடிலில் நுழைவுக் காசு கொடுத்து மேலே போனால் புல்வெளி. அதன் எல்லையில் நூற்று முப்பது அடி உயரத்தில் ஷுனாந்துனிச்சின் பெரிய கோயில். எங்கோ மரங்களுக்குள் குரங்குகள் உறுமின.

படியடியில் பரமேஸ்வரி குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. வெறுங்காலுடன் வீட்டுக்குள்ளும் நடக்கக் கூடாது, ஒரு சிறு காயம் காலையே கொண்டுபோய்விடும் என்பது கிளினிக்கின் கண்டிப்பான உத்தரவு.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?"

"கோயிலுக்குள்ளை சப்பாத்தோடையே ஏறுறது?"

நானும் விதிப்படியே வாதாடினேன். "பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் கும்பாபிஷேகம் நடக்கவேணும். இஞ்சை ஆயிரம் வருஷமாய் நடக்கேல்லை. சாமி எப்பவோ போட்டுது."

"போனதை நீங்கள் கண்டனீங்களே?"

தீர்ப்பு வேண்டிக் காவலரிடம் திரும்பிப் போனேன். சப்பாத்தோடு ஏறலாமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலும். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "மழை பெய்தால் வழுக்கும்" என்றார். வானத்தில் ஒரு முகில் இல்லை.

"பாத்தீங்களே, அவருக்கும் தெரியாது" என்றாள் பரமேஸ்வரி. வழிகாட்டி இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார், காசு வாங்கிக்கொண்டு.

கடைசியில் ஓர் உடன்பாடு. அவள் தன் காலுறைக்கு, அதாவது மேசுக்கு மேல், என்னுடைய மேசுகளையும் போட்டுக்கொண்டு ஏறுவது. நான் சப்பாத்துடன், அவளுடைய சப்பாத்தையும் காவிக்கொண்டு, பின்னால். சுண்ணக்கல் சுட்டது. பாதி வழியில், சூரியன், சந்திரன் உருவங்கள் உள்ள சுதைச் சிற்ப வரிசையைப் புத்தகத்தின் துணையோடு விளக்கினேன். அவள் நிற்கவில்லை.

உச்சியில் ஒரு வெற்று அறை, வௌவால் எச்சம். மேற்கே குவாத்தமாலா வரை பச்சைக் காடு. அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"ஆரைக் கும்பிடுறீர்? பேரும் தெரியாது."

"கும்பிட விலாசம் வேணுமே? கவுன்சில் கந்தோரிலை இருந்த ஆளெண்டதைக் காட்டுறியள்."

அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான்.

இறங்கி, சப்பாத்தைப் போட்டு, ஆற்றங்கரைக்கு வந்தோம். தெப்பம் அக்கரையில் நின்றது. மரக்கட்டையொன்றில் அவளை இருத்தி, காயம் ஏதுமுண்டா என்று பார்க்கச் சப்பாத்தையும் மேசுகளையும் கழற்றினேன்.

"விடுங்கோ, ஆக்கள் பாக்கினம். பெண்சாதியின்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு!"

பார்த்தது ஒரு பெரிய ஓணான் மட்டுமே. வலது குதிக்காலில் இரண்டு மேசுகளையும் துளைத்து ஒரு முள் ஏறியிருந்தது. சுற்றிவர இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அந்தக் காலோடு ஒரு மைல் இறக்கம் நடந்திருக்கிறாள்.

"முள்ளுக் குத்தினது தெரியேல்லையே?"

"தெரிஞ்சது. சொன்னால் உங்கடை பேச்சை ஆர் கேக்கிறது?"

முள்ளைப் பிடுங்கி, போத்தல் தண்ணீரால் கழுவி, மருந்து பூசிக் கட்டினேன். பிறகு, காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று கிளினிக்கில் தாதி செய்யும் சோதனையைச் செய்து பார்க்கத் தோன்றியது.

"கண்ணை மூடும். பெருவிரலைத் தொடுவன். தெரிஞ்சால் 'ஓம்' எண்டு சொல்லும்."

மூடினாள். நான் விரலை நீட்டினேன்.

"ஓம்" என்றாள்.

என் விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது.

லண்டனில் ஒவ்வொரு முறையும் இவள் 'ஓம்' என்பாள். உணர்ச்சி நன்றாயிருக்கிறது என்று தாதி சொல்ல, நானும் நிம்மதியாக வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்பேன். அந்த அறையில் கேள்வி முறைப்படி, பதிலும் முறைப்படி. இங்கே, கேட்டுச் சொல்ல யாருமில்லாத ஆற்றங்கரையில், காலைக் கையில் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்ன, சரியாய்த்தானே சொன்னனான்?"

"சரி" என்றேன்.

தெப்பக்காரர் இக்கரைக்கு வந்து கையசைத்தார். அவளுக்குச் சப்பாத்தை மாட்டி நாடாவை நானே கட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டேன்.