ஜல்லி லாரிகளுக்கு நடுவே திருத்தணிக்கு ஒரு காவடி நடை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்தே வரப்போகிறோம், மணவூர் பக்கத்திலிருந்து எந்த வழி நல்லது என்று சிலர் இந்தப் பக்கத்தில் கேட்டிருப்பதாக மருமகள் படித்துச் சொன்னாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் வழி தெரியும். அந்த வழியில் நான் முதலில் நடந்தது வெள்ளைக்காரன் ஆட்சியில், யுத்த காலத்தில், எனக்குப் பதினெட்டு வயதில். அன்றைக்கு நாங்கள் சாமி பார்க்க மட்டும் போகவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் ஓடிய ஜல்லி லாரிகளைத் திருப்பி விடச் சொல்லிக் கேட்கவும்தான் போனோம்.

எங்கள் ஊர் மணவூருக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே ஒரு கரடு. யுத்தம் வந்ததும் எங்கோ விமானம் இறங்கத் தளம் போடுகிறார்களாம், கல் வேண்டுமாம் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்து கரட்டில் வெடி வைத்தார். உடைத்த ஜல்லியை லாரியில் ஏற்றி மணவூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் கூட்ஸ் வண்டியில் கொட்டுவார்கள். கரட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி எங்கள் ஏரிக்கரைதான். மாட்டு வண்டி போவதற்கே கரையில் பார்த்துப் போகவேண்டும். அதன் மேல் நாள் முழுக்க லாரி.

கரைக்குக் கீழே வரிசையாகப் பதினோரு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஐப்பசியில் பேறு. லாரி போகும்போதெல்லாம் அடுக்குப் பானை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வைகாசியில் கரையின் முதுகில் ஒரு வெடிப்பு தெரிந்தது. தினம் காலையில் என் அப்பா, அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம், போய் அதில் கையை விட்டுப் பார்ப்பார். முதலில் விரல் போயிற்று. பிறகு உள்ளங்கை. ஆனி மாதம் மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. வெளியே எடுத்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். ஐப்பசியில் ஏரி நிறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். ஆவணியில் கரட்டின் மறுபக்கமும் திறக்கப்போகிறார்கள், லாரி இன்னும் இரண்டு பங்கு வரும் என்று வேறு பேச்சு.

ஊர் முன்சீப்பிடம் போய்ச் சொன்னோம். லாரிக்குக் கரையைத் திறந்து விட்டவரே அவர்தான். "யுத்த வேலைக்குக் குறுக்க நின்னா ஜெயில்தான், தெரியுமா?" என்றார். நைனா அவர் நிலத்தில் கூலி வேலை செய்பவர். அதற்கு மேல் பேசவில்லை. அப்போது எங்கள் ஜில்லா ஆபீஸ் இருந்த சித்தூருக்கு ஒரு மனு எழுதி அனுப்பினோம், பதிலே இல்லை.

எங்களில் அதிகாரியோடு நின்று பேசத் தெரிந்தவர் ஒருவர்தான். அக்காவின் வீட்டுக்காரர், முனிரத்தினம். நான் பாவா என்று கூப்பிடுவேன். ரேணிகுண்டாவில் ரயில்வேயில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலேயே ஒரு கொல்லை வைத்துப் பயிர் செய்தவர், மழையை நம்பிய மேட்டு நிலத்தைத்தான் கொல்லை என்போம். தெலுங்கு சரளமாக வரும், பயமும் குறைவு. மணிக்கட்டு வரை கை போன அன்றைக்கு அவர், லாரி நின்றால் ஆடிக் கிருத்திகைக்கு வாய்ப்பூட்டு போட்டுக் காவடி எடுக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பிறகு, நிற்கட்டும் என்று காத்திருப்பானேன், முதலிலேயே செலுத்திவிடலாம் என்றார். வாய்ப்பூட்டு என்பது நாக்கில் சின்ன வெள்ளி வேலைக் குத்தி வாயைப் பூட்டுவது. பூட்டினால் மலை மேல் சாமி முன்னால்தான் எடுக்கவேண்டும். நடுவில் பேச்சும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான், டிப்டி கலெக்டர் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறார் என்று செய்தி வந்தது. அங்கேயே பிடித்துக் கேட்டுவிடலாம், முனிரத்தினம் பேசட்டும் என்று எல்லாரும் முடிவு செய்தோம். பாவாவும் சரி என்றார். இரண்டையும் சேர்த்து ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கிளம்பிய அன்றைக்கு விடிகாலையில் ஏரியில் முழுகி, பூசாரி வேலைக் கையில் எடுத்தபோதுதான் அம்மா கேட்டாள்.

"ஏம்பா, நீ வாயைப் பூட்டிக்கினா தொரைகிட்ட யாரு பேசறது?"

பாவா பூசாரி கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "வேண்டிக்கினதை மாத்த முடியுமா அத்தை? மலை ஏறி கழட்டிட்டு வந்து பேசறேன். தெப்பம் பாக்காமயா தொரை போயிடுவாரு?"

"உன்கிட்ட சொல்லி அனுப்பிச்சாரா, தெப்பம் பாக்கறேன்னு?"

"பேசினது போதும், நாக்கை நீட்டுப்பா" என்றார் பூசாரி.

கரை மேல் பாதி தூரம் போயிருப்போம், எதிரே லாரி வந்துவிட்டது. வெறும் லாரி, லோடு ஏற்ற வருகிறது. டிரைவர் மெட்ராஸ்காரன். தலையை வெளியே நீட்டினான்.

"யோவ் பெரிசு, ஓரம் போ. மிலிட்டரி லோடுக்குப் போறேன்."

"ஓரம் எங்க கீது?" என்றார் நைனா. "இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் எங்க ஊட்டுக் கூரை. எதுல எறங்கட்டும்?"

"காவடியை எறக்கி வெச்சிட்டு ஒதுங்கேன்யா."

"காவடியைத் தரையில வெப்பாங்களா? எந்த ஊருடா நீ?"

அப்போதுதான் அவன் பாவாவின் வாயைப் பார்த்தான். உதட்டுக்கு வெளியே வேல் மின்னிக்கொண்டிருந்தது. சட்டென்று இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மன்னிச்சிக்கோ சாமி" என்று முனகிவிட்டு, கரை முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். அலகு போட்டவரை யாரும் தள்ளமாட்டார்கள், வழி மறிக்கமாட்டார்கள். அவன் பின்னால் போகும்போது டயர் பட்டுக் கரையோரம் ஒரு முறம் அளவு மண் பிட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் சரிந்தது. எல்லாரும் பார்த்தோம். அரோகரா சொல்லிக்கொண்டே நடந்தோம்.

எங்கள் ஊரிலிருந்து கனகம்மாசத்திரம் நாலு மைல். விடிந்து கொஞ்ச நேரத்தில் சேர்ந்தோம். கடைத்தெருவில் காபி அரையணா. திருத்தணிக்கு பஸ் இருந்தது, பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு புகை விட்டு நிற்கும் பஸ், ஆளுக்கு மூன்றணா. காவடி எடுத்தவர் வண்டி ஏறக்கூடாது, அதனால் கூட வந்தவர்களும் ஏறவில்லை. அங்கிருந்து திருத்தணி ஒன்பது மைல். அந்த ரோட்டில்தான் கஷ்டம். லாரி பின்னால் லாரி, ஒவ்வொன்று போனதும் ஆள் தெரியாத புழுதி. மற்றவர்கள் மோர்ப்பந்தலில் குடித்தோம். பாவாவுக்கு அம்மா ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டே வந்தாள். புழுதி ஒட்டி அவர் வாயோரத்தில் இருந்த இரத்தம் கறுத்துவிட்டது. நடை தளர்ந்தது. நேரமாகிறதே, தொரை இருப்பாரா என்று நான் வெயிலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

உச்சி வெயிலில் சரவணப் பொய்கை சேர்ந்தோம். எங்கே பார்த்தாலும் பூக்காவடி. படி ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மோட்டார் நின்றிருந்தது. டிப்டி கலெக்டர் தரிசனம் முடித்து அப்போதுதான் இறங்கி வந்தார். தெப்பத்துக்கு இருக்கப்போவதில்லை. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் முன்சீப்.

முன்சீப் எங்களைப் பார்த்தார். நாங்கள் வாய் திறக்கும் முன் அவரே சொல்லிவிட்டார். "எங்க ஊரு ஜனங்க தொரை. கரை மேல லாரி ரோட்டு வந்ததுல ரொம்ப சந்தோஷமா கீறாங்க."

"அப்படியா?" என்று அதிகாரி நைனாவைப் பார்த்துக் கேட்டார்.

நைனா கையைக் கூப்பிக்கொண்டு தலையை ஆட்டினார். "ஆங் சாமி."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். மறுநாள் அவர் யார் நிலத்தில் இறங்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி மோட்டாரில் ஏறினார். பாவா காவடியோடு நடந்துபோய் வண்டிக்கு முன்னால் நின்றார். அவ்வளவுதான். டவாலி கட்டிய சேவகன் ஓங்கிக்கொண்டு வந்த கையைப் பாதியில் இறக்கிவிட்டான். வண்டி ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டான். கூட்டம் சுற்றிக்கொண்டது.

"ஏமி காவாலி இவருக்கு?" என்றார் அதிகாரி. தெலுங்குக்காரர். என்ன வேண்டுமாம் என்று கேட்டார்.

"வாய்ப்பூட்டு போட்டவங்க காணிக்கை கேப்பாங்க தொரை" என்றார் முன்சீப்.

அவரும் பக்திமான். இறங்கி வந்து காவடித் தட்டில் ஒரு ரூபாய் வைத்துக் கும்பிட்டார். பாவா நகரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, வாயோரம் புதிதாக இரத்தம். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். எங்களோடு வந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். அம்மாதான் பேசினாள்.

"துட்டு வாணாம் சாமி. ஏரிக்கரை வெடிச்சிக் கீது, கை உள்ள போவுது. அது மேல ஜல்லி லாரி ஓடுது. கரைக்குக் கீழ நாங்க குடியிருக்கறோம், பொண்ணு புள்ளத்தாச்சி. ஐப்பசி மழைக்குத் தாங்காது."

"யுத்த வேலை தொரை, இதுங்களுக்கு இன்னா தெரியும்" என்றார் முன்சீப்.

"யுத்தத்தை நிறுத்தச் சொல்லல சாமி. லாரியைக் கொஞ்சம் சுத்திக்கினு போவச் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. ஆனால் முன்சீப்பைப் பார்த்துக் கேட்டபோது முகத்தில் சிரிப்பில்லை. வேறு வழி இருக்கிறதா? முன்சீப் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "கீது தொரை. கொல்லை வழியா போவலாம்." கரட்டை உடைப்பதைத் தான் நிறுத்த முடியாது, அது மிலிட்டரி உத்தரவு, ஆனால் நாளையிலிருந்து கரை மேல் லாரி ஏறக்கூடாது, கரையையும் அடைக்கவேண்டும், நீரே பொறுப்பு என்று முன்சீப்பிடம் சொல்லிவிட்டு அதிகாரி ஏறிக்கொண்டார். பாவா ஒதுங்கினார்.

நாங்கள் படி ஏறினோம். மலை மேல் அலகை எடுத்தார்கள். பாவாவின் நாக்கு வீங்கிப் புரளவில்லை. விபூதி வைத்து, தீர்த்தம் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து அவர் குழறிக்கொண்டு பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கொல்லை வழின்னாரே அத்தை. யாரு கொல்லை?"

அம்மா அவர் வாயில் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் ஊற்றினாள்.

அன்றைக்கு மடத்தில் தங்கினோம். பாவாவால் நடக்க முடியாததால் மறுநாள் காலை ரயில். திருத்தணியிலிருந்து அரக்கோணம், அங்கே வண்டி மாறி மணவூர், ஆளுக்கு ஐந்தணா. ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. முன்சீப் ராத்திரியே வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆள் விட்டு, கரை தொடங்கும் இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாகச் சுண்ணாம்பு அடித்த கல். கல் வரிசை நேராகப் பாவாவின் கொல்லைக்குள் போயிற்று. ஆடி மழைக்கு விதைத்த வேர்க்கடலை, மூன்று நாலு இலை விட்டிருந்தது. அவருக்கு வேறு நிலம் கிடையாது.

நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கரட்டுப் பக்கமிருந்து லோடு லாரி வந்து நின்றது. முள்ளையும் பார்த்தான், கல்லையும் பார்த்தான் டிரைவர்.

"எந்தப் பக்கம்பா போறது?"

நைனா பாவாவைப் பார்த்தார். பாவா தன் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

கரை வெடிப்பை மண் கொட்டி அடைத்தார்கள். ஐப்பசியில் ஏரி நிறைந்தது. எட்டு நாள் ஒருத்தரும் சரியாகத் தூங்கவில்லை, கரை மேல் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். கரை நின்றது. அக்காவுக்கு அந்த மழையிலேயே பெண் பிறந்தது. நிலத்துக்கு நஷ்ட ஈடு தருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. பாவா திரும்ப ரேணிகுண்டாவுக்கே வேலைக்குப் போய்விட்டார். கரடு போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம், தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அதில் குளிக்க இறங்காதீர்கள், ஆழம்.

நடந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மணவூரில் இறங்கினால் விடிகாலையில் கிளம்பிவிடுங்கள், வெயிலுக்கு முன் சத்திரம் சேரலாம். காவடி எடுப்பவரோடு இரண்டு பேராவது வாய் பூட்டாமல் வாருங்கள். சத்திரத்துக்கு அப்பால் டிப்பர் லாரி அதிகம், நிற்கமாட்டான், எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரமாகவே நடங்கள். எங்கள் ஊரைத் தாண்டும்போது தார் ரோடு நேராக ஏரிக்கரைக்குப் போகாமல் திடீரென்று ஒரு வளைவு எடுக்கும். வளைவில் எதிரே வருவது தெரியாது, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ரோடு ஏன் இங்கே காரணமில்லாமல் வளைகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் நடப்பது முனிரத்தினம் பாவாவின் கொல்லை மேல்.