பெட்டிக்காரரும் இரட்டைப் பெண்களும்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல பெட்டிக்காரர்னு பேரு. ப்ரோக்ராம் எழுதுற வேலை. புதுசா யார் சேர்ந்தாலும் பிடிச்சு உட்கார வெச்சு, ப்ரோக்ராம்ல வர்ற மோனாட்னா என்னன்னு பாடம் எடுத்துடுவார். அது ஒரு பெட்டி மாதிரியாம், உள்ள எண் இருந்தாலும் பேர் இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லையாம், ஒரு வேலையோட விடையை எடுத்து அடுத்த வேலைகிட்டக் கொடுக்குமாம். கல்யாணமான புதுசுல எனக்கும் எடுத்தார். நான் தலையாட்டிக்கிட்டே தூங்கிட்டேன்.

போன மாசம் பிள்ளைங்க ஸ்கூல்ல சுற்றுலாவுக்குப் பட்டியல் போட்டாங்க. ஒரே பிள்ளைக்கு மூணு ஃபாரம் வந்து, ஒரே பேர் மூணு தடவை ஏறுதாம். இவர் சும்மா இருப்பாரா? நான் செஞ்சு தரேன்னு கிளம்பிட்டார். அதுக்கும் ஒரு பெட்டிதான் செஞ்சார், ஆனா இந்தப் பெட்டிக்கு மட்டும் வாசல்ல ஒரு நிபந்தனை. ரெண்டை ஒப்பிட்டு எது முன்னே, எது பின்னேன்னு சொல்ல முடியணும், அப்பத்தான் உள்ளே விடும். ரெண்டும் சமம்னா ஒண்ணைத் தூக்கிப் போட்டுடும். பேரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்கன்னு அதை விட்டுட்டு, பிறந்த தேதியையும் வீட்டு விலாசத்தையும் வெச்சு ஒப்பிடச் சொன்னார்.

எங்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைங்க. மகானுக்கு அது ஞாபகமே வரலை.

பஸ் கிளம்புற காலையில டீச்சர் பட்டியலை வாசிச்சாங்க. பெரியவ பேர் இருந்தது, சின்னவ பேர் இல்லை. சீட்டு காலியாத்தான் இருக்கு, ஆனா பட்டியல்ல இல்லாத பிள்ளையை ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. அதுல தப்பே வராதுன்னு எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னதே இவர்தான். சின்னவ ரெண்டு வாரமா பையைக் கட்டி வெச்சுக் காத்திருந்தவ. இவருக்குப் போனைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பெட்டி ரெண்டு பேரையும் சமம்னு எடுத்துக்கிச்சு போலன்னு முனகினார்.

சின்னவ போனைப் பிடுங்கினா. "அப்பா, உனக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா?"

போன் ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்க மனுஷன் ஆரம்பிச்சார். அக்கா கோபம் வந்தா போர்வைக்குள்ள போயிடுவா, நீ கதவோட சண்டை போடுவ. அவ தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவா, நீ அவ தட்டைப் பார்த்துச் சாப்பிடுவ. அவ நேரா படுப்பா, நீ என் மூஞ்சியில காலை வைப்ப. மூச்சு விடாம சொல்லிக்கிட்டே போனார். இதையெல்லாம் எப்போ கவனிச்சாரோ! ஆனாலும் எனக்குக் கோபம் மட்டும் போகலை.

"அதை எழுதுப்பா. பஸ் நிக்குது"ன்னா சின்னவ.

எழுதினார். அவசரத்துல பட்டியல்ல அடையாளம்னு ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதையும் வெச்சு ஒப்பிடச் சொல்லி, வாயில வந்ததை அப்படியே போட்டு அனுப்பிட்டார். டீச்சர் போனுக்குப் புதுப் பட்டியல் வந்தது. அவங்களும் பழக்க தோஷத்துல சின்னவ பேரையும் பக்கத்துல இருந்ததையும் சேர்த்தே உரக்க வாசிச்சாங்க. "கதவோட சண்டை போடுவாள்."

பஸ் முழுக்கச் சிரிப்பு.

"ஆமா டீச்சர், அது நான்தான்"னு சொல்லிட்டு, சின்னவ பையை மாட்டிக்கிட்டு ஏறினா.