புகையைத் திரும்பக் குடிக்கிற வேன்

டீசல் மெக்கானிக்கிடம் வண்டி வந்து சேருவதற்குள் அதற்கு என்ன வியாதி என்பதை நாலு பேர் முடிவு செய்திருப்பார்கள். கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நான் படுகிற பாட்டை வண்டி வைத்திருக்கும் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஒரு சின்னக் கதவு

ஸ்டெல்லா அக்கா சொந்தமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். திங்கட்கிழமை வேனை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். தவறினால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வேனோ கன்னங்கரேல் என்று புகை தள்ளியது. கழற்றிப் பார்த்தால், இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் விட்ட புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்புகிற சின்னக் கதவு அது என்று விளக்கினேன்.

"ஏனுங்க தம்பி, வெளிய தள்ளுன புகையை மறுக்கா உள்ளயே ஊட்டோணும்னு எந்தப் புண்ணியவானுங்க கண்டுபுடிச்சது?"

லேத் வைத்தியம்

எங்கள் பகுதியில் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து லேத்தில்தான் கிடைக்கும். பக்கத்து லேத் பட்டறை ரங்கசாமி அண்ணன் ஒரு தகடு வெட்டித் தந்தார். நானும் புத்திகெட்டுப்போய் அதை வைத்துப் புகை வருகிற வழியை அடைத்தேன். கறுப்புப் புகை நின்றது, இழுவை கூடியது. கூடவே இன்ஜினில் கோளாறு என்று காட்டுகிற மஞ்சள் விளக்கும் மீட்டரில் எரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரிந்து முடிந்த புகை கொஞ்சம் கலந்தால்தான் இன்ஜினுக்குள் சூடு அடங்கும். அடைத்துவிட்டால் சூடு ஏறி, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு அதிகமாகும். இதைச் சொன்னதும் அண்ணன் அசரவில்லை.

"வெளக்குத்தான் தொந்தரவுன்னா பல்பைக் கழட்டிப் போடுங்க!"

திங்கட்கிழமை

ஸ்டெல்லா அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேனுக்குப் பின்னால நிக்கறது கொழந்தைங்க, தகட்டை எடுத்துப்போடுங்க." ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கரியைச் சுரண்டினேன். வால்வு தானாக மூடித் திறந்தது. விளக்கும் அணைந்தது. மறுநாள் காலை அக்கா வேனை எஃப்.சி.க்கு ஓட்டிப்போனார்; நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேறாவிட்டால் அவர் பிழைப்பு போகும், காரணம் என் கைதான். பதினோரு மணிக்கு போன் வந்தது.

"பாஸாயிருச்சுங்க தம்பி, எம்பட கொழந்தைங்க எனக்கே கெடைச்சுட்டாங்க!"

இன்ஜினின் சூட்டைத் தணிக்க வால்வு வைத்தவர்கள் மெக்கானிக்குக்கும் ஒன்று வைத்திருந்தால், நாங்களும் இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக ஓடுவோம்.