உடுப்புத் தோய்க்காத செவ்வாய்

டொரீன் உயிரோடிருக்கும்போதே அவருக்கு நான் கல்வெட்டு எழுதினேன். இதை வெளியே சொன்னால் ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் என் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டார்கள். மற்றப் பாதி தங்களுக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லி வரிசையில் நிற்பார்கள். தன் வாழ்க்கை வரலாறு எப்படி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆசையில்லாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கல்வெட்டு என்பது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முன்பக்கத்தில் படம் இருக்கும். உள்ளே பிறந்த இடம், படிப்பு, கலியாணம், பிள்ளைகள், உடன்பிறப்புகள் என்று எல்லாம் முறைப்படி இருக்கும். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் நாற்பதுக்கு மேல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நன்றாயிருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, படம் தெளிவாக விழவில்லை என்று மட்டும் சொல்வார்கள். என் மனைவி றோஸ் எனக்கு வைத்த பட்டம் ‘செத்தவீட்டுப் புலவர்’.

வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்வது நகரசபை வேலை. தனியே இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்த் தரை துடைத்து, உடுப்புத் தோய்த்து, சாமான் வாங்கிக் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு தொடக்கம் செவ்வாய்க்கிழமைகளில் டொரீன் வீடு. ஐந்தாம் இலக்க ரயில் முடியும் வெஸ்ட்லியில், மாடிக் கட்டடமொன்றின் ஒன்பதாம் தட்டு. அறுபத்தைந்து வயது, இடுப்பில் சத்திரசிகிச்சை, வாயில் ஒரு குறையும் இல்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிறந்தவர். ஆர்வித் என்ற நோர்வேக் கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு 1957இல் இங்கே வந்தவர். ஆர்வித் காலமாகிவிட்டார். மகன் ஸ்டியானுக்குக் கடல் நடுவே எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், கடலில்; நான்கு கிழமை வீட்டில்.

நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான். அவருடையதில் ஹல் மணக்கும், என்னுடையதில் மன்னார்ப் பேசாலை மணக்கும். ஆனால் யார் என்ன மொழியில் சொன்னாலும் என் தலைக்குள் அது எங்கள் தமிழாகத்தான் போய் உட்காரும். அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு ஊர்விடுப்பு, அதாவது அடுத்தவர் வீட்டுக் கதை, அறியாவிட்டால் சாப்பாடு செமிக்காது. டொரீனுக்கோ சொல்லாவிட்டால் செமிக்காது. துடைப்பானை நான் கையில் எடுத்ததும் அவர் ஹல்லுக்குப் போய்விடுவார். இங்கிலாந்து முழுக்கத் தொலைபேசிக் கூண்டுகள் சிவப்பாம், அவர்களுடைய நகரத்தில் மட்டும் பாலாடை நிறமாம். மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓடுமாம். தெருவுக்குத் தெரு ரயில் கடவை என்பதால், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் ‘கடவை கேற் பூட்டிக் கிடந்தது’ என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாட்டுச் சொல்வார்களாம், வாத்தியாரும் அதே சாட்டோடுதான் வருவாராம். உலகச் சண்டையில் குண்டு விழுந்த வளவுகள்தான் விளையாட்டிடம். ஒரு வீட்டின் முன்சுவர் முழுக்கப் போய், மேல்தட்டில் குளியல் தொட்டி மட்டும் அந்தரத்தில் நின்றதாம். அதில் யார் ஏறுவது என்று பந்தயம் பிடித்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கை மசித்து, ஏதோ இலை போட்டு உருட்டிப் பொரிப்பார்களாம். எங்கட கட்லட்தான் அது என்றேன். இல்லை என்று அடித்துச் சொன்னார். அடுத்த கிழமை றோஸ் செய்த கட்லட் நாலு கொண்டுபோனேன். நாலையும் சாப்பிட்டுவிட்டு, அதுவல்ல இது என்றார்.

குண்டு விழுந்து நொறுங்கிய ஊரைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் கதைக்கலாம் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. நான் விட்டுவந்த ஊரைப் பற்றி எனக்கு அப்படிக் கதைக்க வராது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. சில செவ்வாய்களில் உடுப்புத் தோய்க்க விடமாட்டார். கூடை நிறைய அழுக்கு இருக்கும், இன்றைக்கு வேண்டாம் என்பார். மறதியாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு என் நாட்குறிப்பைப் பார்த்தால் சரியாக ஆறு கிழமைக்கு ஒருமுறை. காரணம் கேட்டால் மெஷின் களைத்துப்போச்சு என்பார். மெஷின் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

2004 மாசியில் ஒருநாள், யாரோ ஒருவரின் கல்வெட்டை மடியில் வைத்துப் பிழை திருத்திக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். உயிரோடிருப்பவருக்கு எழுதக்கூடாது, கெட்ட சகுனம் என்றேன்.

“செத்தாப் பிறகு நான் எப்பிடி வாசிக்கிறது?” என்றார்.

றோஸ் கேள்விப்பட்டுச் சிலுவை போட்டாள். நான் நோர்வேஜிய மொழியில் எழுதத் தொடங்கினேன்.

தொழில் பழக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உடன்பிறப்பு என்றதும் ஒருவருமில்லை என்று வெட்டி விட்டார். நான் நம்பவில்லை. ஹல்லின் ஐப்பசிப் பெருங்கண்காட்சிக்குப் போன கதையில் அவருடைய தகப்பன் தனக்கென்று ஒன்றும் எடுக்காமல் மூன்று சீனிப்பாகு அப்பிள் வாங்கியிருந்தார். ஒன்று டொரீனுக்கு, ஒன்று தாய்க்கு, மூன்றாவது யாருக்கு? குளியல் தொட்டிக் கதையில் கீழே நின்று அழுதவள் பெயர் மோரீன். எனக்குக் கணக்குப் பாடம் ஓடாது, ஆனால் குடும்பத்தில் தலை எண்ண வரும்.

எங்கள் சனத்தில் கல்வெட்டில் ஒரு பெயர் விடுபட்டால் அது மறதி இல்லை, கோபம். குடும்பத்தார் சொல்லி நானே மூன்று முறை பெயர்களை வெட்டியிருக்கிறேன். ஸ்ட்ரோம்மனில் ஒரு மண்டப வாசலில் ஒரு பெண் நின்றபடியே, தாயின் கல்வெட்டை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு தரம் தன் பெயரைத் தேடி வாசித்தாள். எழுதியவன் நான் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இனிப் பெயர் வெட்டுவதில்லை என்று எனக்குள் முடிவெடுத்தேன்.

ஆகவே டொரீனின் வரலாற்றில் மோரீனைச் சேர்த்தேன். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஒரு கடிதமோ அழைப்போ வந்து நான் காணாத சகோதரி இறந்துதான் இருப்பார் என்று நானே தீர்மானித்து, நாற்பது கல்வெட்டில் பழகிய கையால் ‘காலஞ்சென்ற’ என்று முன்னால் போட்டுவிட்டேன். அடுத்த செவ்வாய் வாசித்துக் காட்டினேன். பாலாடை நிறக் கூண்டுக்குச் சிரித்தார். “காலஞ்சென்ற மோரீனின் அன்புச் சகோதரி” என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

“அவ செத்திட்டா எண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை, எழுதும் பழக்கத்தில் வந்துவிட்டது என்றேன். அவர் தடியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. நல்லது செய்யப்போய் ஒரு மனிசியைக் கொன்று வைத்திருந்தேன்.

பிறகுதான் சொன்னார். தகப்பனுக்கு மீன்பிடிக் கப்பலில் வேலை. அவர்களுடைய தெருவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: ஆண்கள் கடலுக்கு வெளிக்கிடுகிற நாளில் பெண்கள் உடுப்புத் தோய்க்கக்கூடாது. தோய்த்தால் போகிறவரைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். 1956 தையில் ஒரு செவ்வாய்க்கிழமை தகப்பன் வெளிக்கிட்டார். டொரீனுக்குப் பதினேழு வயது. பின்னேரம் ஆர்வித்தோடு ஆடப் போகவேண்டும், இருந்த நல்ல சட்டை ஒன்றே ஒன்று. தோய்த்துக் கொடியில் போட்டார். கப்பல் ஐஸ்லாந்துப் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. பன்னிரண்டு வயது மோரீன் முழுத் தெருவுக்கும் கேட்கச் சொன்னாளாம், அக்காதான் அப்பாவைக் கழுவி விட்டவள் என்று. தாயும் அதை நம்பினார். தாய் இறந்தபோது ஹல் பத்திரிகையில் வந்த அறிவித்தலில் ஒரே மகள் மோரீன் என்று இருந்தது. அந்தத் துண்டை டொரீன் இன்னும் வைத்திருந்தார்.

ஆறு கிழமைக்கு ஒரு செவ்வாய், ஸ்டியான் ஹெலிகொப்டர் ஏறுகிற நாள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆள் வெளிக்கிட்ட கையோடு வீடு கூட்டக்கூடாது என்று வளர்ந்தவன் நான். எனக்கே பிடிபடாமல் போய்விட்டது.

“நீங்கள் சட்டை தோய்ச்சதுக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்றேன்.

“எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியுமோ எண்டுதான் தெரியேல்லை.”

மோரீன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டறியாமல் அந்த வசனத்தை எப்படி எழுதுவது என்று கேட்டேன். என் விடுப்புக் குணம்தான் கேட்டது, அதை நான் மறுக்கவில்லை. பத்திரிகைத் துண்டில் மோரீனின் கலியாணப் பெயர் இருந்தது. அதைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமை எனக்கு நித்திரை சரியில்லை. அடுத்த செவ்வாய் கதவு திறக்க முன்னரே அவர் முகத்தைப் பார்த்துவிடவேண்டும் போல் இருந்தது. டொரீன் இலக்கம் தேடி எடுத்து, தானாகவே தொலைபேசியில் பேசியிருந்தார். மோரீன் உயிரோடுதான் இருந்தார். டொரீன் தன் பெயரைச் சொன்னாராம். அதற்கு மோரீன் முதல் சொன்னது இதுதான்:

“அக்கா, அண்டைக்கு நானும் தோய்ச்சனான். பள்ளிக்கூடக் காலுறை ரெண்டு. கொடியிலை போடப் பயந்து அடுப்புக்குப் பின்னாலை காயவிட்டனான்.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் பயத்தை அக்கா தலையில் கட்டிவிட்டிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு வருடமும் உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிப் போயிருக்கிறது. சொல்லும்போது டொரீன் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது, வெங்காயம் வெட்டினேன் என்று சாட்டுச் சொல்ல அங்கே வெங்காயமும் இல்லை.

கல்வெட்டை வாங்கி, ‘காலஞ்சென்ற’ என்பதைத் தானே பேனாவால் வெட்டினார். காலுறைக் கதையைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். அவ உயிரோடை இருக்கிறா.”

நான்கு கோடைகாலம் அவர் ஹல்லுக்குப் போய்வந்தார். ஸ்டியான் வெளிக்கிடுகிற செவ்வாய்களில் மெஷின் மட்டும் தொடர்ந்து களைத்தபடியே இருந்தது. எல்லாம் வெளித்துவிட்டதே, இனித் தோய்த்தால் என்ன என்று ஒருநாள் கேட்டதற்கு, நாளைக்குத் தோய்த்தால் உமக்கென்ன என்றார்.

2008 பங்குனியில் ஒரு செவ்வாய் போனபோது ஹல்லிலிருந்து வந்த பயணப்பெட்டி அவிழ்க்காமல் விறாந்தையில் கிடந்தது. டொரீன் கறுப்புச் சட்டையோடு குசினியில் இருந்தார். தேத்தண்ணி போட்டு வைத்தேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து கல்வெட்டை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவையும் தந்தார்.

“இப்ப அந்தச் சொல்லைப் போடும்” என்றார். “காலுறையையும் எழுதும்.”