கஞ்சி போட்ட சாட்டை

நெடுநேரம் சுற்றுகிற பம்பரம் ஜெயிக்காது. இதை நான் பதினோரு வயதில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சீக்கிரம் கைக்கு வருகிற பம்பரம்தான் ஜெயிக்கும்! தரையில் இருக்கும்வரை அது எல்லோருக்கும் இரை. கைக்கு வந்துவிட்டால் ராஜா.

எங்கள் ஆட்டம் அப்படி. மண்ணில் ஒரு வட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விடவேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாட்டையை அதன் ஆணியில் கோத்து, வெடுக்கென்று இழுத்து, எகிறி வருவதைக் கையில் பிடித்து 'அபீட்' என்று கத்தவேண்டும். கடைசியாக எடுத்தவனுடைய பம்பரம் வட்டத்துக்குள் படுக்கும். மற்றவர்கள் ஆளுக்கு ஒருமுறை தங்கள் ஆணியால் அதைக் குத்துவார்கள். அதற்கு ஆக்கர் என்று பேர். பிளந்து போனால் போச்சு. பிளக்காமல் பிழைத்தால் உடையவனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு: அதே பம்பரத்தை விட்டு அபீட் எடுக்கவேண்டும். எடுத்தால் அவனுடையது. தவறினால் ஜெயித்தவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

என்னுடையது செம்மரம். திருப்பதியில் மொட்டை போட்ட அன்று, மலையடிவாரக் கடையில் அழுது புரண்டு வாங்கியது. நனைத்தால் ரத்தம்போலச் சிவக்கும். நகரித் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

சாட்டைகளில் அவரவர் வீடு தெரியும். வண்டிக்காரர் மகன் சாட்டை சணல், மாட்டு வாசனை. செக்குக்காரர் மகன் சாட்டையில் கடலை எண்ணெய் வழியும், பிடிக்கவே பிடிக்காது, பாவம். என்னுடையது பாவு நூலின் மிச்சத்தைப் பின்னியது. தறி வீட்டு நூல், கஞ்சி குடித்த நூல். காய்ந்திருந்தால் மரத்தைக் கவ்விக்கொள்ளும். மற்றவர்கள் நுனியை எச்சிலில் நனைத்துச் சுற்றுவார்கள், அப்போதுதான் அவர்களுக்குப் பிடிப்பு. நான் நனைக்கக் கூடாது. நனைத்தால் கஞ்சி பசையாகும். இதையும் கண்டுபிடித்தவன் நானே. இதையும் தெருவெல்லாம் சொல்லியிருந்தேன்.

அன்று காலை தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டவில்லை. எல்லை பிரிப்பில் நகரி தமிழ்ப் பக்கமா தெலுங்குப் பக்கமா என்று சித்தூரிலிருந்து வந்த அதிகாரிகளிடம் மனு கொடுக்கப் பெரியவர்கள் மொத்தமாகப் போயிருந்தார்கள். நூல் இல்லாத தெரு எவ்வளவு அகலம்! ஐந்து பேர் வட்டம் போட்டோம்.

வண்டிக்காரர் மகன்தான் எங்களில் சூரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் இரண்டும். அவன் பம்பரத்தில் கொல்லன் அடித்துக் கொடுத்த லாட ஆணி.

"ஏமிரா, செம்மரம்! இன்னிக்கு அத எங்கூட்டுக்கு இட்டுக்கினு போறேன், சூடுரா, பாரு."

"நீ மொதல்ல உன் மாட்ட இட்டுக்கினு போ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேகத்தில் சாட்டையை எடுத்தேன், சுற்றப் போனேன், அப்போதுதான் அது நடந்தது.

தறியில் இழை அறுந்தால் என்ன செய்வோம்? நாக்கில் விரலைத் தொட்டு, இரண்டு நுனியையும் ஈரமாக்கி, முறுக்கி ஒட்டுவோம். நாளுக்கு நூறு தடவை. நூல் என்றால் நாக்கு வந்துவிடும். அன்றும் வந்துவிட்டது. மூளைக்குத் தெரிந்தது எதுவும் நாக்குக்குத் தெரியாது!

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நான்கு பம்பரங்கள் இறங்கி உறுமின. என்னுடையது சாட்டையோடு ஒட்டிக்கொண்டு, போன வேகத்தில் திரும்பி வந்து, வட்டத்தின் நடுவில் செத்த எலிபோல விழுந்தது.

"அபீட்! அபீட்!" நான்கு கைகள் உயர்ந்தன.

"ஊருக்கெல்லாம் நனைக்காதேன்னு சொல்லிக்கினு இருந்தியேடா" என்று பக்கத்து வீட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். என் கட்சிக்காரன் அவன்.

படுத்த பம்பரத்துக்கு எந்தத் தந்திரமும் இல்லை. குத்துகிறவனுக்குத்தான் எல்லாத் தந்திரமும். பக்கவாட்டில் குத்தினால் உருண்டு ஓடும், வலிக்காது. உச்சியில் குத்தவேண்டும், ஓட வழியில்லாமல். செக்குக்காரர் மகனுக்கு எண்ணெய்க் கையில் பம்பரம் வழுக்கியது, மண்ணைக் குத்தினான். அடுத்தவன் என் பம்பரத்தின் விலாவில் ஒரு கீறல் போட்டான். பக்கத்து வீட்டுக்காரன் குறி தவறியது. வேண்டுமென்றே என்று இன்றைக்கும் சந்தேகம்.

வண்டிக்காரர் மகன் குந்தினான். என் பம்பரத்தை உச்சி மேலே பார்க்கத் திருப்பி வைத்தான். ஒரு கண்ணை மூடினான். கை தலைக்கு மேல் போய் இறங்கியது. டக்!

லாட ஆணி என் பம்பரத்தின் உச்சியில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. ஒன்றின் தலைமேல் ஒன்று. இரண்டும் அசையவில்லை. நாங்களும்தான்.

"பொளந்துச்சா?"

"இல்லடா, மாட்டிக்கிச்சு!"

அவன் தன்னுடையதைப் பிடித்தான், நான் என்னுடையதை. குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தோம். ஆணி வந்தது. கூடவே 'டிக்' என்று ஒரு சத்தம், சின்னது. உச்சியிலிருந்து இடுப்பு வரை மயிரிழையாக ஒரு விரிசல். அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

"பொளவலேதுரா. ஒக்க சான்ஸ் உனக்கு. விட்டுப் பாரு."

சாட்டையின் ஈர நுனி இன்னும் பிசுபிசுத்தது. காயவைக்க நேரம் தரமாட்டார்கள். பல்லால் கடித்தேன், ஒரு முழம் ஈரத்தைத் துப்பினேன். மிச்சம் குட்டைச் சாட்டை. எட்டுச் சுற்றுக்குப் பதில் ஐந்துதான் வரும். ஐந்து சுற்றில் விட்டால் கொஞ்ச நேரம்தான் ஆடும். அதனால் என்ன? நெடுநேரம் ஆடவா வந்தேன்? என் சொந்தத் தத்துவம் அப்போதுதான் என் பக்கம் வந்து நின்றது.

விட்டேன்.

பாடியது! அந்த விரிசலில் காற்று நுழைந்து, தேனீ அடைத்த டப்பா மாதிரி, அதுவரை எந்தப் பம்பரத்திலும் கேட்காத ரீங்காரம். ஐந்து பேரும் வாயைப் பிளந்தோம். நானே மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன். அது சாயத் தொடங்கியது. தலை ஆடியது.

"தீயிரா! எட்றா டேய், எட்றா!"

கத்தியது வண்டிக்காரர் மகன். தவறினால் அவனுக்கு வரவேண்டிய பம்பரம் அது. அவனே தொடையில் அடித்துக்கொண்டு கத்துகிறான். சாட்டையை ஆணியில் கோத்தேன். உலர்ந்த கஞ்சி கவ்வியது. இழுத்தேன். செம்மரம் எகிறி என் கண் உயரத்துக்கு வந்து, விரிந்த உள்ளங்கையில் இறங்கி, அங்கேயும் நிற்காமல், சதையைக் குடைந்துகொண்டு பாடியது.

"அபீட்" சொல்ல மறந்து, கையைக் காதருகே கொண்டுபோனேன். அவன்தான் எனக்காகச் சொன்னான்.