தைப்பூசத்தன்று வெளியே போன ஒன்பது தண்டுகள்

என் கணவர் வயலைத் தொட்டவரல்லர். யாழ்ப்பாணப் பட்டினத்தில் தபாலதிபரின் மகனாகப் பிறந்து, சீமெந்து முற்றத்தில் வளர்ந்து, நெல்லைச் சோறாக மட்டும் அறிந்தவர். எண்பதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தபின், கார்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருடம் கதவுப் பலகைகளுக்கு வரைபடம் வரைந்தார். அந்தத் தொழிற்சாலை ஒருநாள் பூட்டப்பட்டது. ஐம்பத்திரண்டு வயதில், கிளென் வேவர்லி வீட்டு முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு, "நான் ஹெம்ப் பயிரிடப் போறன்" என்றார். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.

ஹெம்ப் என்பது கஞ்சாவின் சாதுவான அண்ணன். இலை அதே இலை, மணம் அதே மணம், ஆனால் போதை இல்லை. தண்டில் நார் இருக்கிறது. கயிறு, துணி, காகிதம் எல்லாம் செய்யலாம். வேறு நாடுகளில் கார்க் கதவுப் பலகைகூட அந்த நாரில் செய்கிறார்கள் என்று எங்கோ வாசித்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரைந்தவருக்கு அது மனதில் தைத்துவிட்டது. இங்கே அதைப் பயிரிட அரசாங்கத்திடம் பெர்மிட் எடுக்க வேண்டும். பொலிஸ் சான்றிதழ், வேலி, அறிவிப்புப் பலகை என்று பதினொரு பக்க நிபந்தனைகள். அத்தனையையும் தேவாரம் போல மனப்பாடம் செய்தார். அவற்றில் முக்கியமானது ஒன்று. பூக்கும் பருவத்தில் அதிகாரி வந்து நுனிகளை வெட்டிச் சோதனைக்குக் கொண்டுபோவார். முடிவு வரும்வரை இலையோடு ஒரு தண்டும் வேலிப் படலையைத் தாண்டக்கூடாது.

கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு பால்பண்ணைக்காரரிடம் இரண்டு ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். முதலில் அவரைக்கொட்டை விதைத்து, அது பூத்ததும் உழுது மண்ணோடு புரட்டினார், உரமூட்டை வாங்கவில்லை. பிறகு ஹெம்ப் விதையை நெருக்கி விதைத்தார். அது ஒன்றோடொன்று போட்டிபோட்டு உயர்ந்து நிழல் கட்டியதில் களை தலைதூக்கவே இல்லை. களைகொல்லி தெளிக்கும் வேலையும் இல்லாமல் போனது. மனிதர் வயலை அளவுத்திட்டத்தோடு வரைபடமாக வரைந்து வைத்திருந்தார். பயிரோடு கதைக்கவும் செய்தார், அதுவும் இங்கிலிஷில். ஏன் என்று கேட்டால், "பெர்மிட் இங்கிலிஷிலதானே இருக்கு, அதுகளுக்கும் விளங்கட்டும்" என்பார். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் அவருக்குக் 'கஞ்சா அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தண்டுகளை வாங்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். நகரத்துக்கு வடக்கே ஒரு பழைய கொட்டகையில் கையால் காகிதம் செய்கிற பெண். அதுவரை கடல்கடந்து வரும் காகிதக் கூழைத்தான் வாங்கிக்கொண்டிருந்தாளாம். அது எந்த மண்ணில் வளர்ந்தது, என்ன மருந்து அடித்தார்கள், யார் வெட்டினார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. தான் போய் நிற்கக்கூடிய வயல் ஒன்று வேண்டும் என்று சொன்னாள். வந்து நின்றாள், மண்ணைக் கிள்ளி மணந்தும் பார்த்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். வயலுக்கு ஒரு புத்தகம் வேண்டும். உள்ளே வருவது, வெளியே போவது, மழை, தண்ணீர், வேலைக்கு நின்றவர்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். புத்தகம் உண்மையாக இருந்தால் தண்டு எவ்வளவானாலும் எடுப்பேன், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்றாள். என் கணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! சமையற்காரனிடம் அகப்பையைக் கொடுத்தது போலாயிற்று. வரைபடக்காரரின் அச்சுப் போன்ற எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

நான் அப்போது ஒரு வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை. பூட்டி வைக்கிற மருந்துகளின் அலுமாரித் திறப்பு, அதாவது சாவி, என் இடுப்பில்தான் தொங்கும். போதைப்பொருள் என்ற சொல்லோடு என் பெயர் ஒரு காகிதத்தில் சேர்ந்து வந்தால் அந்தத் திறப்பு போய்விடும். வீட்டில் அப்போது நிலையான உழைப்பு என்னுடையது ஒன்றுதான். இது இருவருக்குமே தெரியும்.

இப்படியிருக்கத் தைப்பூசம் வந்தது. எங்கள் ஊர்களில் அன்று புதிர் எடுப்பார்கள். முதல் நெற்கதிரை அறுத்துக் கொண்டுவந்து சுவாமிக்குப் படைத்த பிறகுதான் அறுவடை. என் மனிதருக்கு இது கோயில் நாட்காட்டியில் வாசித்துத் தெரிந்த சங்கதி. ஆனால் முதல் வயல், முதல் விளைச்சல், நாளும் பொருந்தி வருகிறது. விடியமுன்னம் எழும்பி வேட்டி கட்டினார். நான் காஞ்சிபுரம் கட்டினேன். வயலுக்குப் போய், கிழக்குப் பார்த்து நின்று, நெற்கதிர் அறுக்கிற நினைப்பில் பூவும் இலையுமாக ஒன்பது நுனிகளை அரிவாளால் அறுத்தார். நான் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டினேன். அவற்றை ஒரு கட்டாகக் கட்டிப் புது வேட்டியால் சுற்றி, பூச்சரம் வைத்து, என் மடியில் கிடத்தினார். எனக்கும் கண் கலங்கிப்போனது. தொழிற்சாலை பூட்டிய பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

வழியில் டான்டினோங்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பக்கத்துக் காரில் இருந்த வாலிபன் ஒருவன் மூக்கை நிமிர்த்தி மணந்தான், என்னைப் பார்த்தான், பெருவிரலை உயர்த்திச் சிரித்தான். சேலையைத்தான் மெச்சுகிறான் என்று நினைத்து நானும் சிரித்துத் தலையாட்டினேன். மாதக் கணக்கில் அந்த மணத்தோடு பழகிய எங்கள் இருவருக்கும் அது மூக்கில் ஏறவே இல்லை.

கோயிலில் ஐயர் தமிழ்நாட்டுக்காரர், இளையவர். கட்டைப் பிரித்தவர் இலையை மணந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. காசியில படிக்கிறப்ப இந்த எலையைப் பாத்திருக்கேன். அங்க சிவனுக்கு வைப்பாங்க. நம்ம முருகன் சின்னப் பிள்ளையாச்சே."

"ஐயா, இது அதில்லை, இது ஹெம்ப்" என்றார் என் கணவர். "சோதிச்சுத்தான் வெளியில கொண்டு வாறது. எங்களிட்டைப் பெர்மிட்..."

அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. பதினொரு பக்கமும் அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, சோதனைக்கு அதிகாரி இன்னும் வரவே இல்லை. ஐயர் எங்கள் முகத்தைப் பார்த்தார். கட்டை முருகனின் காலடியில் வைத்துத் தீபம் காட்டி, விபூதியோடு திருப்பித் தந்தார்.

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். "உங்களுக்கு என்ன விசரே? எத்தினை தரம் வாசிச்சனீங்கள் அந்தப் பேப்பரை!"

"சாமிக்கு எண்டுதான் நினைச்சனான்" என்றார். "வெளியில கொண்டு போறன் எண்டு மனசில வரவே இல்லை."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் என் மனதிலும் வரவில்லை. ஆனால் கோபம் வந்தால் நான் நியாயம் பார்க்கிறவள் அல்ல. ஒன்றரை மணித்தியாலமும் ஏசிக்கொண்டே போனேன். கட்டு திரும்பவும் என் மடியில்தான் இருந்தது. இந்தமுறை சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்து மூடிக்கொண்டேன். வயலுக்குப் போனதும் என் யோசனையைச் சொன்னேன். நுனிகளைப் பயிருக்குள்ளே எறிந்துவிடுவோம். ஆயிரக்கணக்கான தண்டில் ஒன்பது குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் வயலோரக் கொட்டிலுக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தார்.

"எழுதப் போறீங்களோ?"

"ஓம்."

"பெர்மிட் போச்செண்டால்?"

"போகட்டும். அந்தப் பிள்ளை இந்தப் புத்தகத்தை நம்பித்தானே வாங்க வந்தவள்."

நான் காருக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டேன். அவர் என்ன எழுதினார் என்று பார்க்கவுமில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சோதனைக்கு நுனி எடுக்க அதிகாரி வந்தார். அகன்ற தொப்பி, அளந்து பேசுகிற மனிதர். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தேன். கோபம் ஒருபக்கம் இருந்தாலும் தனியே விட மனம் வரவில்லை. என் கணவர் வணக்கம் சொல்லிவிட்டு, கேட்பதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினார். அதிகாரி நின்றபடியே சத்தமாக வாசித்தார். ஒன்பது நுனிகள், இலையோடு, காலை ஏழு மணி. போன இடம், முருகன் கோயில். காரணம், முதல் விளைச்சல். அன்றே திருப்பிக் கொண்டுவரப்பட்டது. கொட்டிலில் தனியே கட்டி வைக்கப்பட்டுள்ளது. கொண்டுபோனவர், நான் மட்டும்.

அதிகாரி நிமிர்ந்தார். தனியாகவா போனீர்கள் என்று கேட்டார்.

"ஆம், தனியாகத்தான்" என்று இங்கிலிஷில் சொன்னார் என் கணவர். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரே பொய் என்னைப் பற்றியது. பெர்மிட் போனாலும் பரவாயில்லை என்று உண்மை எழுதியவர், என் திறப்புக்காக அதில் ஒரு பொய்யை வைத்திருக்கிறார். ஒன்றரை மணித்தியாலம் அவரை ஏசியவள் நான். மூடி மறைக்கச் சொன்னவளும் நான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த மனிதரை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. வைத்தியசாலையும் அலுமாரியும் நினைவுக்கு வராமலில்லை.

"இல்லை" என்றேன். "கட்டு என் மடியில்தான் இருந்தது. போகும்போதும் வரும்போதும்."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். 'நான் மட்டும்' என்பதை ஒரு கோடு போட்டு வெட்டி, என் பெயரை எழுதினேன். அவருடைய அச்செழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. அதிகாரி ஒன்பது நுனிகளையும் பையில் போட்டு முத்திரை வைத்து, வயலிலும் நுனிகள் வெட்டிக்கொண்டு போனார்.

கார் மறைந்ததும் என் கணவர், "ஏன் சொன்னனீர்?" என்றார்.

"புத்தகம் உண்மையா இருக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மறுநாள் மருந்தகப் பொறுப்பாளரிடம் நானாகவே போய் முழுக்கதையும் சொன்னேன். திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சோதனை முடிவுக் கடிதம் வரும்வரை என்னைக் கணினி வேலைக்கு மாற்றினார். கடிதம் வர ஐந்து கிழமை ஆயிற்று. அதற்குள் பயிர் முற்றத் தொடங்கியது. முற்றினால் நார் முரடாகிவிடும். அவர் தினமும் போய்த் தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வருவார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். கடைசியில் கடிதம் வந்தது. சோதனையில் குறையில்லை. இருவரையும் பெயர் சொல்லிக் கண்டித்திருந்தார்கள். பெர்மிட்டை எடுக்கவில்லை. நான் கடிதத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திறப்பைத் திருப்பி வாங்கினேன்.

காகிதக்காரப் பெண் தண்டுகளை ஏற்றிப்போக வந்தபோது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். வெட்டிய அந்த வரியில் நின்றாள், இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள். நார் கொஞ்சம் முரடுதான், ஆனாலும் எடுக்கிறேன் என்றாள்.

அடுத்த வருடப் பெர்மிட்டுக்கான விண்ணப்பத்தை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினார். எட்டிப் பார்த்தேன். 'உடன் பயிரிடுபவர்' என்ற இடத்தில், அந்த அச்செழுத்தில், என் பெயர் ஏற்கனவே இருந்தது. கேட்காமல் எழுதியதற்கு நன்றாக ஏசிவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.